கார்ப்பரலின் பெண்டாட்டி

சுபத்ராவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் இல்லை. கங்காணி முனியாண்டி ஒருமுறை அவள் வெட்டிய வரிசையில் முற்றின இலை அதிகம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க அவள் கண்ணில் படாமல் அடுத்த சரிவிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அவள் படியேறி வருவதைப் பார்த்ததுமே அழுகின தக்காளியைக் கூடையிலிருந்து தானாக எடுத்துப் போட்டுவிடுவார். அதற்காக அவளை வாயாடி என்று சொல்லி முடித்துவிட்டால் பாதி ஆளைத்தான் சொன்னதாகும். நியாயம் தப்பிய இடத்தில்தான் அவளுக்கு வாய் நீளும். மற்ற நேரத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பாத்திரம் கழுவுகிற பெண் அவள்.

பிறந்தது அதே தோட்டத்து வரிசை வீடான லயத்தில். பதினேழு வயதில் முடிகிற ஐந்தாம் படிவம் வரை படித்தாள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் அவருடைய இடத்தில் மலைக்கு வந்தாள். இப்போது கையால் கொழுந்து கிள்ளுகிற வேலை இல்லை. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட இலை பின்னால் இழுபடும் பைக்குள் போய் விழும். மெஷினின் மறுமுனையைப் பிடிப்பவள் பாஞ்சாலை. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே இருவருக்கும் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்படி ஆகிவிட்டது.

ஜெகதீஸ்வரன் அடுத்த லயத்துக்காரன். தோட்டத்துப் பையன்களெல்லாம் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன காலத்தில் அவன் பட்டாளத்துக்குப் போனான். லீவில் வரும்போது ஒட்ட வெட்டிய தலையும் விறைத்த நடையுமாக வருவான். சுபத்ரா அவனைக் கிண்டல் செய்தே காதலித்தாள். "என்ன கார்ப்பரல், பொண்ண பாக்க வந்தாலும் அட்டேன்ஷன்ல தான் நிப்பீங்களா?" என்று கேட்டபோது அவன் நிஜமாகவே விறைப்பாக நின்றுகொண்டிருந்தான் என்று லயமே சொல்லிச் சிரிக்கும்.

கல்யாணம் பேசி முடிந்தது. பட்டாளத்தில் இருப்பவன் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வந்த பிறகுதான் கல்யாணத்தைப் பதிய வேண்டும். அவன் எழுதிக் கொடுத்துவிட்டான், பதில் வரவில்லை. ஆனி மாதம் முடியப் போகிறது. ஆடியில் தாலி கட்டக்கூடாது. ஆவணியில் அவனை எல்லைக்கு அனுப்பப் போகிறார்கள். அவனுடைய அம்மா மணியம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "தாலிய கட்டுங்க. பதியிறத அப்பறம் பாத்துக்கலாம், அதுக்கு என்ன கால் மொளச்சி ஓடவா போவுது?"

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி ஏறியது. வேலைக்கு வந்திருந்த வங்காளதேசத்துப் பையன்கள் உட்பட மொத்தத் தோட்டமும் உட்கார்ந்து சாப்பிட்டது. அம்மனே பார்த்துக்கொண்டிருக்க நடந்த கல்யாணத்துக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிராணியின் முத்திரையும் வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? இந்தத் தப்பைச் செய்யாத தோட்டம் எங்கேயாவது இருந்தால் காட்டுங்கள். அனுமதி வந்ததும் அடுத்த லீவில் வந்து பதிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மார்கழியில் கிழக்குக் கரையில் பெருவெள்ளம். அவனுடைய படையை மீட்பு வேலைக்கு அனுப்பினார்கள். கூரை மேல் ஏறி நின்றவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவன், அங்கே இன்னும் ஒரு கிழவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னதும் மறுபடியும் போனான். படகு கவிழ்ந்தது. கொடி போர்த்திய பெட்டியில், தாப்பா ரோட்டு வழியாகப் பட்டாளத்து லோரியில்தான் ஜெகதீஸ்வரன் மலைக்குத் திரும்பினான். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மடித்த கொடியை மணியம்மாவின் கையில் கொடுத்தார்கள்.

கருமாதியன்று ஆற்றங்கரையில் வைத்துச் சுபத்ராவின் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். வளையலை உடைத்தார்கள். பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள். எதையும் அவள் தடுக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு அதெல்லாம் உண்டு என்று நினைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மணியம்மாவோடு பட்டாளத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: பதிவு இல்லை, சட்டப்படி கார்ப்பரல் ஜெகதீஸ்வரன் கல்யாணம் ஆகாதவர், வாரிசு அம்மா மட்டும்தான். கிடைக்க வேண்டியதெல்லாம் அம்மாவுக்குப் போகும். அதில் ஒரு காசைப் பற்றியும் சுபத்ரா வாயைத் திறக்கவில்லை. ‘கல்யாணம் ஆகாதவர்’ என்ற சொல்தான் அவளை அறைந்தது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்த கோலத்தைப் பார்த்துப் பெண்களின் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியில் காசளவு குங்குமம். கொண்டையில் திரிங்காப் பூந்தோட்டத்துச் சிவப்பு ரோஜா.

"அடியே பாவி, என்னடி இது? புருசன் செத்து மாசங்கூட ஆவல!" என்று பாஞ்சாலை வாயில் அடித்துக்கொண்டாள்.

"யாரு புருசன்? எனக்கு கல்யாணமே ஆவலியாம் லா. கவர்மெண்டே சொல்லிருச்சி. கன்னிப்பொண்ணு பூ வெக்கிறதுக்கு ஒங்களுக்கு என்ன?"

கங்காணி முனியாண்டி தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் கனைப்பை விழுங்கிக்கொண்டார். யாரோ ஓடிப்போய் மணியம்மாவை அழைத்து வந்தார்கள், மருமகளை நாலு சாத்துச் சாத்தட்டும் என்று. மணியம்மா கிட்டே வந்து அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டை விரலால் அந்தக் குங்குமத்தை ஒழுங்குபடுத்தி, "கோணலா இருக்குடி," என்றாள். அதுவரை கல்லாக நின்றவள் மாமியார் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் அன்றைக்கு மெஷின்கள் கிளம்பவே நேரமானது.

அன்று முதல் பொட்டையும் பூவையும் அவள் விடவில்லை. மாமியாரையும் விடவில்லை. மறு கல்யாணத்துக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலைக் கடைசியில் வீரர் தினம் வரும். கடமையில் உயிர் விட்டவர்களின் குடும்பங்களைக் கீழே டவுனுக்கு அழைத்து மரியாதை செய்வார்கள். மணியம்மா பெயருக்கு அழைப்பு வரும். கூட ஒருவரும் போகக்கூடாது என்பார்கள். மலைச்சரிவில் ஆட்டைவிட வேகமாக ஏறுகிற மணியம்மா, விழா நடக்கும் இடத்து கேட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டுவாள். "நடக்க முடியாது துவான், இவ புடிச்சாத்தான் வருவேன்," என்று காவலுக்கு நிற்பவரிடம் மலாயும் தமிழுமாகக் கலந்து புலம்புவாள். அப்படியே கையைப் பிடித்தபடி இரண்டு பேரும் உள்ளே போய்விடுவார்கள். வெளியே வந்ததும் கிழவி விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடப்பாள்.

போன வருஷம் சக்கரை நோய் முற்றி மணியம்மா போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷம் பார்த்து, கடமையில் இறந்த வீரர்களுக்கென்று அந்த டவுனில் கருங்கல்லில் பெரிய நினைவுத்தூண் எழுப்பினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம். பெயரை வாசிக்க வாசிக்கக் குடும்பத்தார் எழுந்து போய்ப் பூ வைக்க வேண்டுமாம். அழைப்பு வந்தது ஜெகதீஸ்வரனின் தம்பி விஜயனுக்கு.

விஜயன் பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. யார் சத்தமாகப் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிற சுபாவம், அவ்வளவுதான். வீட்டில் சத்தமாகப் பேசுகிறவள் அவன் மனைவி நளினி. சுபத்ரா கடைக்கே போய்விட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," கோபிஸ் என்கிற முட்டைக்கோஸை நிறுத்துக்கொண்டே சொன்னான் விஜயன். "ரெண்டு நாக்காலிதான் குடுத்திருக்காங்க. நளினி சேலையெல்லாம் எடுத்துட்டா."

"சேல எடுத்துட்டாளா? என்ன கலரு?"

"அண்ணி..."

"சரி, பேரு கூப்புட்டா யாரு எந்திரிச்சி பூ வெக்கிறது?"

"நான்தான். அம்மாவுக்கு அப்பறம் வாரிசு நான்தானே, பேப்பர்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அங்க வந்து சண்ட கிண்ட போட்டுறாதீங்க லா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. டிவில காட்டுவாங்க."

சுபத்ரா அவனுக்கு முன்னால் இருந்த தராசை ஒரு விரலால் அமுக்கி நிறுத்தினாள்.

"விஜயா, என்னைய பாத்து பேசு. ஆத்தங்கரையில என் தாலிய கழட்டுனப்ப பால் சொம்ப கொண்டாந்து குடுத்தது நீதானே?"

அவன் தராசிலிருந்த கோபிஸை எடுத்துக் கூடையில் போட்டான்.

"அது யாரு கட்டுன தாலி?"

"அண்ணன் கட்டுனது."

"தாலி கழட்டுறப்ப நான் பொண்டாட்டி. வளையல ஒடைக்கிறப்ப நான் பொண்டாட்டி. பூ வெக்கிறப்ப மட்டும் நான் யாரோ எவளோவா?"

கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் காயை எடுப்பதை நிறுத்திவிட்டு விஜயனைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. "நான் என்ன அண்ணி பண்றது, ரூல் அப்படி," என்றான் முனகலாக.

"ரூல நீயே வெச்சுக்க. நான் வரேன்."

அந்த வாரம் முழுக்க மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாஞ்சாலை அரித்துக்கொண்டே இருந்தாள். "போயி என்னடி பண்ண போற? உள்ளயே விட மாட்டானுங்க. கயித்துக்கு வெளிய நின்னு வேடிக்க பாக்க போறியா?"

"வேடிக்கதான் பாக்க போறேன். கல்லுல அவன் பேரு இருக்குறத நான் பாக்கணும்."

"நீ பாத்துட்டு சும்மா வர்ற ஆளா?"

"பாக்கத்தான்டி போறேன், மெஷின நேரா புடி," என்றாள் சுபத்ரா. அப்போது அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

பாஞ்சாலையின் தம்பி மகேன் திரிங்காப்பிலிருந்து பூ லோரி ஓட்டுகிறவன். வீரர் தினத்தன்று காலை அவளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டான். கீழே இறங்க இறங்க உடம்பில் போட்டிருந்த ஸ்வெட்டர் நெருப்பாகச் சுட்டது. அவளை இறக்கிவிடும்போது மகேன் பின்னால் போய் மஞ்சள் சாமந்தி ஒரு கட்டு உருவி வந்து கையில் திணித்தான். "வேணாம்னு சொல்லாதக்கா. அவரு எனக்கு பந்து வெளையாட சொல்லிக் குடுத்தவரு," என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நினைவுத்தூண் அவள் நினைத்ததைவிட உயரம். அதற்கு முன்னால் கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி சுற்றிய நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொதுமக்கள், வெயிலில். இரண்டாம் வரிசையில் கிளிப்பச்சைப் பட்டுச் சேலையில் நளினி பளபளவென்று இருந்தாள். பக்கத்தில் விஜயன் கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். சுபத்ராவைப் பார்த்ததும் அவன் தலை குனிந்துகொண்டான்.

குழல் ஊதினார்கள். கொடியை இறக்கி ஏற்றினார்கள். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு ஒரு சார்ஜெண்ட் மைக்குக்கு முன்னால் வந்து, இன்னாருடைய மகன் இன்னார் என்று மலாயில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பெயர் வரும். யாராவது ஒரு தாயோ மனைவியோ எழுந்து போவார், பூ வைப்பார், தலை வணங்குவார், திரும்பி வருவார். காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எல்லாப் பெயருக்கும் அதே மௌனம்.

"கார்ப்பரல் ஜெகதீஸ்வரன் அனாக் லெலாக்கி கருப்பையா!"

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு நடக்கும். கங்காணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். புருஷன் கழிப்பறைக்குப் போயிருந்தாலும் சரி, முதல் நாள் குடித்துவிட்டு வீட்டிலேயே புரண்டுகொண்டிருந்தாலும் சரி, வரிசையில் நிற்கிற பெண்டாட்டி "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவாள். அந்தக் குரலை கங்காணி ஏற்றுக்கொள்வார். பதில் வராத பெயரைத்தான் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். ஆள் இல்லை என்று ஆகிவிடும். பெண்டாட்டிகள் அதற்கு விடமாட்டார்கள்.

அந்தப் பெயருக்குப் பிறகு வந்த மௌனத்தை சுபத்ராவால் தாங்க முடியவில்லை. எதையும் யோசித்து அவள் செய்யவில்லை.

"இருக்கேன்!"

மலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டுப் பழகிய குரல். கூடாரத்தில் அத்தனை தலைகளும் திரும்பின. எழுந்து நாலடி வைத்திருந்த விஜயன் அப்படியே நின்றுவிட்டான். சார்ஜெண்ட் காகிதத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தான் கேட்டது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் வாசித்தார்.

"கார்ப்பரல் ஜெகதீஸ்வரன் அனாக் லெலாக்கி கருப்பையா."

"அதான் இருக்கேன்னு சொல்றேன்ல!"

கயிற்றோரம் நின்ற இளம் அதிகாரி அவளிடம் ஓடி வந்தார். மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். "புவான் சியாப்பா?" என்று கேட்டார், நீங்கள் யார் என்று.

"பினி தியா," என்றாள் சுபத்ரா. அவன் பெண்டாட்டி. இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற சொல், மலாயில் வெளியே வந்தது.

அதிகாரி கூடாரத்துப் பக்கம் திரும்பினார். நளினி பல்லைக் கடித்துக்கொண்டு, "போங்க, போயி பூவ வைங்க," என்று விஜயனின் கோட்டை இழுத்தாள். டிவிக்காரர்களின் கேமரா அவனைப் பார்த்தது. விஜயன் சுபத்ராவைப் பார்த்தான். கையில் சாமந்திக் கட்டோடு, வேர்வையில் குங்குமம் வழிய நின்றவளை. அன்றைக்கு யார் சத்தமாகப் பேசினார்களோ அவர் பக்கம்தான் அவன் சாய்ந்தான் என்று நளினி இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம்.

"காக்காக் இப்பார் சாயா, துவான்," என்று அவன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "என் அண்ணி." சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றான்.

அதிகாரி கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். சுபத்ரா குனிந்து உள்ளே போனாள்.

கல்லில் அவன் பெயர் மார்பு உயரத்தில் இருந்தது. வெயிலில் கல் சுட்டது. ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். பூவை வைத்தாள். மற்றவர்களைப் போலத் தலை வணங்கிவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெயர் அவ்வளவு கிட்டே, ஒன்றும் நடக்காத மாதிரி, விறைப்பாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய்யா, மலையில பொறந்து வளந்த ஆளுக்கு வெள்ளத்துல என்னய்யா வேல?" என்றாள். "கூட்டியாந்தவங்களோட கரையில நிக்க வேண்டியதுதான? இன்னொரு நட போயிட்டு வான்னு ஒன்ன எவன்யா கெஞ்சுனான்? அந்த கெழவரு பாவந்தான், நான் இல்லன்னு சொல்லல. வீட்டுல ஒருத்தி ஒக்காந்திருக்காளேன்னு ஒரு நிமிசம், ஒரே நிமிசம் நெனச்சியாய்யா நீ? போறதுக்கு முன்னாடி அந்த கையெழுத்த போட்டுட்டு போனியா? நாய் மாதிரி கேட்டுல நிக்க வெச்சிட்டியே! இப்ப பேர மட்டும் பெருசா எழுதிக்கிட்டு நிக்கிற. இந்த பேர வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், ஒல போடட்டுமா?"

கையை ஓங்கி அந்தக் கல்லில் ஓர் அறை விட்டாள். பிறகு, அடித்த இடத்தையே உள்ளங்கையால் தேய்த்துக் கொடுத்தாள்.

சார்ஜெண்ட் அடுத்த பெயரை வாசிக்காமல் காத்திருந்தார். முன் வரிசையில் இருந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. தலையில் கறுப்புத் துணி போட்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மாள், தன் கணவனுக்குப் பூ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், சத்தமாக அழ ஆரம்பித்தாள். சுபத்ரா அந்த இறந்துபோன சிப்பாய்க்கு என்ன உறவு என்று அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை.

சுபத்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சூடா லா, போதும், அடுத்த பேர கூப்புடுங்க," என்று சார்ஜெண்டுக்குச் சொல்லிவிட்டு நடந்தாள். கயிற்றுப் பக்கம் போகவில்லை. நேராக இரண்டாம் வரிசைக்குப் போய், நளினிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.